இரண்டாவது ஓலைக்கு முன்னால்

போன் அலறியது.

சிங்கப்பூர், பாசிர் ரிஸ். ஒன்பதாவது மாடி. சனிக்கிழமை காலை.

லாசரஸ் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இருக்கும்போதும் கழுத்து வரை பொத்தான் போடுகிறவர். மூச்சு முட்டும். முட்டட்டும். கௌரவம் என்பது கொஞ்சம் மூச்சு முட்டினால்தான் இருக்கிறது என்று தெரியும்.

அவரிடம் இரண்டு போன்கள். அலறியது பழையது. ஓய்வு பெற்ற அன்று கப்பல் பட்டறையில் பரிசாகக் கொடுத்தது. அதில்தான் இந்திய நம்பர். ஊரில் இருக்கிற சொந்தம் அத்தனைக்கும் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். குடும்பத்துக்கு மூத்தவர் இரண்டு நம்பரில் கிடைத்தால் மரியாதை பாதியாகிவிடும் என்று அவர் நம்பினார்.

திரையில் எண் இல்லை. ரோமிங்கில் வரும் அழைப்புகள் சில நேரம் அப்படித்தான்... முகம் காட்டாமல் வரும்.

"ஹலோ. லாசரஸ் பேசுறேன்."

"தெரியும். லாசரஸ்தான் வேணும்."

சுருக்கென்றது. வெறும் லாசரஸ்! அவரை அப்படிக் கூப்பிட உரிமை இருந்தவர்கள் எல்லோரும் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறார்கள்.

"யாருய்யா நீ?"

"போன ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்க் கோயில்ல மொத ஓலை வாசிச்சாங்க. நானும் கேட்டேன்."

"சந்தோஷம். அதுக்கு?"

"ஓலையில வந்த மாப்பிள்ளைக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சு. பொண்டாட்டி உயிரோட இருக்கா. ஊர் மறந்துருக்கும்னு நெனப்பா?"

லாசரஸின் முதுகெலும்பில் ஐஸ் தண்ணீர் இறங்கியது. அந்த முதுகெலும்பு வளைந்து யாரும் பார்த்ததில்லை. இப்போதும் வளையவில்லை. ஆனால் யோசித்தது.

"நாளைக்கு ரெண்டாவது ஓலை. அதை வாசிக்கக் கூடாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல மறுபடி கூப்பிடுவேன். கல்யாணத்தை நிறுத்தியாச்சுன்னு ஒரு வார்த்தை வரணும். வரலன்னா... நாளைக்குப் பூசையில நானே எந்திரிச்சு நின்னு அந்தப் பொண்டாட்டி யாருன்னு சொல்லுவேன். அவ பேரு..."

பேர் வரவில்லை.

சத்தமே வரவில்லை.

திரையைப் பார்த்தார். 'சிம் இல்லை' என்றது போன்.

•

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம்... தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இங்கே சிங்கப்பூரில் நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லாசரஸுக்கு அது போதாது. மகள் கல்யாணம் ஊர்க் கோயிலிலும் முழங்க வேண்டும். அந்தோனியார்மேடு முழுக்கக் கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டது போலிருக்கிறது.

ஒரே மகள். பாப்பா என்று கூப்பிடுவார்கள். தெம்பனிஸில் அலுவலகம், கைநிறையச் சம்பளம். மாப்பிள்ளை ஜோனா. குளச்சல் பக்கத்துப் பையன், இங்கே கப்பல் பட்டறையில் இன்ஜினியர். பூசைக்குத் தவறாமல் வருவான். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். அதிகமாகப் பேச மாட்டான்.

இதுவரை இவையெல்லாம் நல்ல குணங்களாக இருந்தன.

இந்த நிமிடத்திலிருந்து தடயங்கள்.

ஊருக்குப் போன் போட்டு விசாரிக்கலாம்... என்னவென்று கேட்பது? 'எங்க மாப்பிள்ளைக்கு ஏற்கனவே பொண்டாட்டி இருக்காமே' என்றா? கேள்வியே வதந்தியாகிவிடும். அந்தக் குரல்தான் மறுபடி பேச வேண்டும். அதற்குப் போன் உயிரோடு இருக்க வேண்டும்.

லாசரஸ் பின்மூடியைக் கழற்றினார். பேட்டரியை எடுத்தார். உள்ளே சிம் தெரிந்தது.

அதற்கும் ஒரு கதை. இந்திய கம்பெனி கடைசியாகக் கொடுத்தது நகம் அளவு சின்ன சிம். பழைய போனின் துளையோ பெரியது. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் அடாப்டர் வாங்கினார். நடுவில் ஓட்டை உள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம். சிம் அதில் ஆடியது. ஆடக் கூடாது என்று பீடத்து மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சொட்டு மெழுகை ஊற்றி ஒட்டவைத்தார். மந்திரித்த மெழுகு. கைவிடாது என்று நினைத்தார்.

மனைவியின் புருவம் திருத்தும் சாமணத்தை எடுத்து வந்தார். அடாப்டரின் நுனியைப் பிடித்தார். பாதி வந்தது. நின்றது.

இழுத்தார். வரவில்லை.

மூத்த மகனாகப் பிறந்தவர் அல்லவா... அதிகாரத்தோடு இழுத்தார்.

க்ளிக்.

உள்ளே ஏதோ உடைந்தது. அடாப்டர் அசையவில்லை. சிம்மும் உள்ளேயே கைதாகிக் கிடந்தது.

குற்றம் நடந்த இடம், ஆயுதம், கைரேகை... எல்லாம் தெளிவாக இருந்தன. விசாரணை அதிகாரியும் அவரே என்பதால் வழக்குப் பதிவாகவில்லை.

"என் சாமணத்தை வச்சு என்ன பண்றீங்க?" என்ற குரல் பின்னால் கேட்டது.

அந்தோனியம்மாள். மனைவி.

"போன் கெட்டுப்போச்சு."

"கெட்டுப்போச்சா, கெடுத்தீங்களா?"

"தேக்கா கடைத்தெருவுக்குப் போய் ரிப்பேர் பண்ணிட்டு வரேன்."

"நானும் வரேன். மீன் வாங்கணும்."

"நீ எதுக்கு? வெயில்."

"எனக்கு மட்டும் தனியா வெயிலா அடிக்குது? ஏங்க, மொகம் ஏன் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"பிரசங்கத்துல தூங்கி மாட்டிக்கிட்ட மாதிரி."

ரயிலில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அந்தோனியம்மாள் பேசினாள். மண்டபம், பூ, சாப்பாடு, குளச்சலிலிருந்து வரப்போகிற சம்பந்தி. ஒவ்வொரு வார்த்தையும் லாசரஸின் நெஞ்சில் சாமணமாக இறங்கியது.

•

பஃபலோ ரோடு. பூக்கடைகளைத் தாண்டி ஒரு சந்துக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும்.

கடைக்காரி நஸீஹா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தாள். நிமிரவில்லை.

"என்ன பிராப்ளம் அங்கிள்?"

"சிம் தானாகவே மாட்டிக்கிச்சு."

போனை வாங்கி உள்ளே பார்த்தாள். இப்போது நிமிர்ந்தாள்.

"தானாகவா? அங்கிள், உள்ள மெழுகு இருக்கு."

அந்தோனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "பாவி மனுஷா. மாதா பீடத்து மெழுகா?"

"சின்ன சொட்டுதான்."

"மாதாவுக்கு ஏத்துனதை மெஷினுக்கு ஊத்தியிருக்கீங்க."

"ஆன்ட்டி, மெழுகு கூட பரவால்ல லா," என்றாள் நஸீஹா. "அடாப்டர்தான் வில்லன். பாருங்க... சிம் வெளிய நழுவியிருக்கு, காலியா இருக்கிற ஓட்டைக்குள்ள ஸ்லாட்டோட பின் எல்லாம் ஏறிருச்சு. மீனுக்குத் தூண்டில் மாதிரி. இழுக்க இழுக்க இன்னும் மாட்டும். யாரோ நல்லா இழுத்திருக்காங்க."

"யாரோ," என்றாள் அந்தோனியம்மாள், கணவரைப் பார்க்காமல்.

லாசரஸ் தொண்டையைச் செருமினார். "மத்தியானத்துக்குள்ள சரியாகணும்மா. குடும்ப விஷயம். ஒரு முக்கியமான போன் வரும்."

"எங்கிட்ட வர்ற எல்லாருக்கும் முக்கியமான போன்தான் அங்கிள். முக்கியமில்லன்னா புதுசு வாங்கிடுவாங்க."

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கத்தரித்தாள். ரிப்பன் மாதிரி நீளமாக. அடாப்டருக்கும் பின்களுக்கும் நடுவில் மெதுவாகச் செருகினாள்.

"இன்னொரு கை வேணுமே... யாராவது லைட்டைப் பிடிச்சா நல்லாருக்கும்."

"இதோ வந்துட்டாரு பாரு," என்றாள் அந்தோனியம்மாள்.

லாசரஸ் திரும்பினார்.

வாசலில் ஜோனா நின்றிருந்தான்!

"அத்தை மெசேஜ் போட்டாங்க மாமா. போன் ரிப்பேர்னு. இங்கதான் சிராங்கூன் ரோட்ல இருந்தேன். ஓடி வந்துட்டேன்."

குற்றவாளி சம்பவ இடத்துக்கே திரும்பி வருவான் என்று லாசரஸ் எங்கோ படித்திருந்தார். இவ்வளவு சீக்கிரமாக வருவான் என்று அதில் போடவில்லை.

ஜோனா விளக்கை வாங்கிப் பிடித்தான். கை நடுங்கவில்லை.

கைதேர்ந்தவன், என்று நினைத்துக்கொண்டார் லாசரஸ்.

•

விசாரணை தொடங்கியது.

"சிராங்கூன் ரோட்ல என்ன வேலை?"

"சும்மாதான் மாமா."

"சனிக்கிழமை சும்மாவா?"

"ஒரு சாமான் வாங்க வந்தேன்."

"என்ன சாமான்?"

ஜோனா தயங்கினான். காது சிவந்தது. லாசரஸ் அந்தச் சிவப்பைக் குறித்துக்கொண்டார்.

"பொம்பளைங்க சாமான் மாமா."

"யாருக்கு?"

"மாமா... பாப்பாவுக்கு. கல்யாணத்துக்கு வளையல். அவங்களுக்குத் தெரியக் கூடாது. அத்தைகிட்டதான் கை அளவு கேட்டேன்."

"ஆமா, கேட்டாரு," என்றாள் அந்தோனியம்மாள். "மாப்பிள்ளையை ஏன் கூண்டுல ஏத்துறீங்க?"

"நீ சும்மா இரு. தம்பி, வீட்டுக்கு வந்தா அடிக்கடி வெளிய போய் போன் பேசுறீங்களே... யார்கிட்ட?"

"அம்மாகிட்ட."

"அம்மாகிட்ட பேச எதுக்கு வெளிய போகணும்?"

"அம்மா சத்தமா பேசுவாங்க மாமா. உங்க வீட்ல என்ன குழம்புன்னு கேப்பாங்க. அப்புறம் அது நல்லாருக்கான்னு கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?" அந்தோனியம்மாளின் குரல் மாறியது.

விளக்கு முதல் தடவையாக ஆடியது.

"லைட், ப்ரோ," என்றாள் நஸீஹா.

அவள் கை அசைந்தது தெரியவில்லை. ஆனால் அடாப்டர் வெளியே வந்தது. கூடவே சிம்மும். மெழுகைச் சுரண்டி, துடைத்து, வெள்ளைத் துணியில் வைத்தாள்.

"சிம் நல்லாருக்கு. ஸ்லாட்டுல ஒரு பின் ஒடஞ்சிருச்சு, ரெண்டு வளைஞ்சிருக்கு. அங்கிள், அவசரம்னா இந்த சிம்மை ஆன்ட்டி போன்ல போட்டுக்கலாமே. உடனே போன் வரும்."

யோசனை நல்ல யோசனை. எந்த மனிதனும் ஒத்துக்கொள்வான்.

"வேண்டாம்," என்றார் லாசரஸ்.

"ஏங்க?"

"என் நம்பர் என் போன்லதான் இருக்கும்."

உண்மைக் காரணம் வேறு. அந்தக் குரல் மறுபடி வரும்போது மனைவியின் காதில் விழக் கூடாது. தனியாக, ஓரமாக, கௌரவமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குச் சொந்தப் போன்தான் பாதுகாப்பு.

மனிதன் தன் குழியை எப்படித் தோண்டுகிறான் என்பதைக் கவனியுங்கள். அளவெடுத்துத் தோண்டுகிறான்.

"ஓகே," என்றாள் நஸீஹா. "இதே மாதிரி செத்த போன் ஒண்ணு இருக்கு. அதோட ஸ்லாட்டை எடுத்து இதுல வச்சுடறேன்."

சூடான காற்று ஊதும் கருவியை எடுத்தாள். ஈயம் உருகும் வாசனை. பழைய ஸ்லாட் கழன்றது. புதியது உட்கார்ந்தது. மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒவ்வொரு காலாக ஒட்டினாள். அந்தோனியம்மாள் மீன் வாங்கப் போய்விட்டு வந்தாள். ஜோனா விளக்கைக் கீழே வைக்கவே இல்லை.

லாசரஸ் அவன் முகத்தையே பார்த்தார். இந்த முகத்துக்கு ஒரு மனைவியா? எங்கோ குளச்சலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளா? பாப்பாவுக்கு என்ன சொல்வது? ஊருக்கு? சம்பந்தம் பேசிய வாயால் இனி எந்தப் பந்தியில் சாப்பிடுவது?

நேரம் ஓடியது. ஊரில் இந்நேரம் சாப்பிட்டு எழுந்திருப்பார்கள்.

சிம்மைப் போட்டாள் நஸீஹா. இந்தத் தடவை அடாப்டரோடு ஒட்டுத்தாள் வைத்து, ஆடாமல். பேட்டரி. பொத்தான்.

திரை ஒளிர்ந்தது. சிக்னல் கோடுகள் ஒன்று... இரண்டு... மூன்று.

"வந்துருச்சு. ஆனா காதுல கேக்குற ஸ்பீக்கரை இன்னும் மாட்டல அங்கிள். போன் வந்தா லவுட் ஸ்பீக்கர்லதான் பேசணும். அஞ்சு நிமிஷம் குடுங்க, அதையும்..."

லாசரஸுக்கு ஐந்து நிமிடம் இல்லை. லவுட் ஸ்பீக்கரா? அப்படியானால் உண்மை வெளியே வருவதற்கு முன் அவரே வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். மூத்தவர் கேட்டார் என்று இருக்கட்டும்... மூத்தவர் ஏமாந்தார் என்று இருக்கக் கூடாது.

நிமிர்ந்தார்.

"தம்பி ஜோனா. ஒரே கேள்வி. மாதா மேல ஆணையா பதில் சொல்லுங்க. உங்களுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆயிருச்சா?"

தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்றார்கள்.

"மாமா?"

"பொண்டாட்டி உயிரோட இருக்காளாமே."

"என்னங்க உளர்றீங்க?" அந்தோனியம்மாள் மீன் பையைத் தரையில் வைத்தாள்.

"உளறல. காலையில ஊர்லேருந்து போன் வந்துச்சு. ஓலையில வந்த மாப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு. நாளைக்குக் கோயில்ல சொல்லப் போறானாம்."

ஜோனாவின் முகத்தில் ரத்தம் இல்லை. விளக்கை மெதுவாக மேசையில் வைத்தான்.

"மாமா... நான்..."

போன் அலறியது.

•

எண் இல்லை.

லாசரஸ் பொத்தானை அழுத்தினார். கடை முழுக்கக் குரல் நிறைந்தது.

"என்ன முடிவு பண்ணீங்க? நிறுத்துறீங்களா, இல்லையா?"

"நீ பேர் சொல்லு," என்றார் லாசரஸ், ஜோனாவைப் பார்த்தபடி. "அந்தப் பொண்டாட்டி பேரைச் சொல்லு. இங்க எல்லாரும் இருக்காங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அவ்வளவு தைரியமா? சொல்றேன். அந்தப் பொண்டாட்டி பேரு அந்தோனியம்மாள்!"





அந்தோனியம்மாள் கணவரைப் பார்த்தாள். ஜோனாவைப் பார்த்தாள். மறுபடி கணவரைப் பார்த்தாள்.

"டேய்," என்றாள் போனிடம். "பிரபாகரா? எங்க அண்ணன் மவனா நீ?"

குரல் தடுமாறியது. "அ... அத்தை? நீங்க பக்கத்துலயா இருக்கீங்க?"

"ஏன்டா, நான் எங்க போவேன்?"

"அத்தை, உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மாமாகிட்ட தனியா பேசுனேன். மனசைத் தேத்திக்கோங்க. மாமா ரெண்டாவது கல்யாணம் பண்றாரு."

பூக்கடைக்காரர் ஒருவர் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்து நின்றுகொண்டார்.

"யாரை?"

"ஜெனிவீவ்னு ஒருத்தி. யாருன்னு தெரியல. ஓலையில வாசிச்சாங்களே... மணமகன், காலஞ்சென்ற கணக்கப்பிள்ளை சூசை அவர்களின் மூத்த மகன் லாசரஸ், சிங்கப்பூர். மணமகள் ஜெனிவீவ், சிங்கப்பூர்."

"அடப்பாவி. ஜெனிவீவ் நம்ம பாப்பாடா. ஞானஸ்நானப் பேரு."

"பாப்பாவா? பாப்பாவுக்கு வேற பேரு இருக்கா?"

நியாயமான கேள்வி. பிறந்ததிலிருந்து ஊரில் அவள் பாப்பாதான். அப்படியொரு பேர் அவளுக்கு இருப்பது சாமியார்களுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் மட்டுமே தெரியும்.

எல்லோரும் லாசரஸைப் பார்த்தார்கள்.

அவருக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. ஊர்க் கோயிலில் ஓலை எழுதிவைக்கிற கோயில்பிள்ளை புது ஆள். ஓலைக்கு விவரம் சொல்ல இதே போனில்தான் பேசினார். பேப்பர் பின்னால் வரும், முதலில் வாசியுங்கள் என்று அதிகாரம் செய்தார். விவரத்தை எங்கிருந்து தொடங்குவது? தன்னிடமிருந்துதான். எழுதிக்கொள்ளுங்கள், கணக்கப்பிள்ளை சூசை அவர்களின் மூத்த மகன் லாசரஸ்... என்று பரம்பரையை முழங்கினார். அப்புறம் மாப்பிள்ளை ஜோனா, அவன் தகப்பன், தாய், படிப்பு, உத்தியோகம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னார்.

அந்த விலாவாரியை அவர் செத்துப்போன போனுக்குச் சொல்லியிருக்கிறார். மெழுகு விட்டு, சிம் நழுவி லைன் போயிருக்கிறது. மறுபடி லைன் கிடைத்துக் கோயில்பிள்ளை கூப்பிட்டபோது "மணமகள் ஜெனிவீவ்" என்று முடித்துவிட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. கோயில்பிள்ளைக்கு ஓர் ஆண் பேரும் ஒரு பெண் பேரும் கிடைத்தன. கல்யாணத்துக்கு அது போதும்.

"ஆக," என்றாள் நஸீஹா, "அடாப்டர்தான் வில்லன்னு நான் மொதல்லயே சொன்னேன்."

"இல்லம்மா," என்றார் லாசரஸ். நெடுநாள் கழித்து அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அடாப்டர் பாவம். மாப்பிள்ளை... நான் கேட்டதை..."

"பரவால்ல மாமா," ஜோனா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நீங்க கேட்ட தோரணையில எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒருவேளை ஆயிருச்சோன்னு."

"பிரபா," அந்தோனியம்மாள் போன் பக்கம் குனிந்தாள். "உடனே சாமியார்கிட்ட ஓடு. மாப்பிள்ளை பேரு ஜோனா. எழுதிக்கோ. நாளைக்குத் திருத்தி வாசிக்கணும்."

"சரி அத்தை. மாமா, மன்னிச்சுக்கோங்க. பேரைச் சொல்லிக் கூப்ட்டுட்டேன்."

லாசரஸ் விறைப்பைத் திரட்டிக்கொண்டார். குடும்பம் தப்பித்தது. மகள் தப்பித்தாள். மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

"அது இருக்கட்டும். ஒரு வாரமா ஊர் முழுக்கத் தெரியும்ல... என்னைப் பத்தி என்ன பேசிக்கிட்டாங்க?"

"உங்களைப் பத்தி ஒண்ணும் பேசல மாமா," என்றது ஸ்பீக்கர். "எல்லாரும் அந்தப் பொண்ணு பாவம்னுதான் சொன்னாங்க."

அந்தோனியம்மாள் மீன் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஓலை வாசிச்சப்பவும் அதைத்தான்டா சொன்னாங்க."